மருந்து எதிர்விளைவைத் தெரிவிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? முதல்முறை பயிற்சி நடத்துவோருக்கான வழிகாட்டி

"மருந்து எதிர்விளைவு பற்றி ஒரு வகுப்பு எடுத்துவிடுங்கள்" என்று பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கும். நீங்கள் மருந்தியல் ஆசிரியராக, மருத்துவமனை மருந்தாளராக, செவிலியர் பயிற்றுநராக யாராகவும் இருக்கலாம். வழக்கமாக நடப்பது இதுதான்: ஐம்பது ஸ்லைடு, வரையறை, வகைப்பாடு, கேள்வித்தாள், சான்றிதழ், குரூப் போட்டோ. அடுத்த மாதம் எதிர்விளைவுப் படிவம் போடும் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு படிவம்கூட இருக்காது.

வந்தவர்களுக்கு விஷயம் புரியாமல் இல்லை. அவர்கள் கையால் ஒரு படிவத்தை நிரப்பியதில்லை, அனுப்பியதில்லை, பதில் வந்து பார்த்ததில்லை. அதனால் கீழே உள்ள படிகள் எல்லாமே ஒரே கணக்கை வைத்துப் போடப்பட்டவை: பயிற்சி முடிந்த 30 நாளுக்குள் உண்மையான அறிக்கைகள் எத்தனை போயின?

## 1. முதலில் நீங்கள் ஒரு அறிக்கை அனுப்பிப் பாருங்கள்

பயிற்சிக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் 150-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசிய மையம் உண்டு. அங்கே சேரும் அறிக்கைகள் சுவீடனின் உப்சாலா நகரில் உள்ள கண்காணிப்பு மையம் பராமரிக்கும் விஜிபேஸ் என்ற உலகத் தரவுத்தளத்துக்குப் போகின்றன. உங்கள் வார்டில் எழுதும் தாள் அந்த வழியில் எந்த எந்தக் கைகளைத் தாண்டுகிறது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், வகுப்பில் வரும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை:

- தேசிய மையத்தின் நடப்புப் படிவம். பதிப்பு எண்ணைப் பாருங்கள். மருத்துவமனைகளில் பழைய பதிப்பின் நகலுக்கு நகல் எடுத்த தாள்தான் பெரும்பாலும் சுற்றிக்கொண்டிருக்கும்.
- அந்தப் படிவத்தை நிரப்புவதற்கான அதிகாரபூர்வக் குறிப்பு.
- ஆன்லைன், செயலி, மின்னஞ்சல், தபால் ஆகியவற்றில் உங்கள் இடத்தில் உண்மையில் வேலை செய்வது எது என்ற விவரம்.
- உங்கள் நிறுவனத்தில் படிவத்தை வாங்கி அனுப்பும் பொறுப்பாளரின் பெயர், அவர் விடுப்பில் போனால் மாற்று ஆள்.

இங்கே இரண்டு பொறிகள். தடுப்பூசிக்குப் பிறகு வரும் விளைவுகளுக்குப் பல நாடுகளில் தனிப் படிவமும் தனி வழியும் உண்டு. மருந்துப் பரிசோதனையில் சேர்ந்திருக்கும் நோயாளிக்கு ஏதாவது நடந்தால், ஆய்வாளர் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கு உடனே சொல்ல வேண்டும், வழக்கமாக 24 மணி நேரத்துக்குள். அது வேறு பாதை. இந்த மூன்றையும் ஒரே வகுப்பில் கலந்தால் வந்தவர்கள் மூன்றையும் குழப்பிக்கொண்டு போவார்கள். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

அனுமதி, படிவம், பொறுப்பாளர் எல்லாம் சரியாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

## 2. எதைத் தெரிவிப்பது என்பதை ஒரே தாளில் அடக்குங்கள்

இந்தத் தாளைத்தான் அவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அதில் ஐந்து விஷயம் போதும்.

சந்தேகம் போதும். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கும் வேலை தெரிவிப்பவருடையது இல்லை. இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அறிக்கை செல்லுபடியாக நான்கு தகவல் வேண்டும்: அடையாளம் காணக்கூடிய ஒரு நோயாளி (பெயரின் முதல் எழுத்தோ வயதோ பாலினமோ போதும்), தொடர்பு கொள்ளக்கூடிய தெரிவிப்பவர், சந்தேகிக்கும் மருந்து, நடந்த விளைவு. இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

எது 'தீவிரம்': மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்த்தல் அல்லது தங்கல் நீளுதல், நிலையான அல்லது குறிப்பிடத்தக்க ஊனம், பிறவிக் குறைபாடு, இவற்றில் சேராவிட்டாலும் மருத்துவ ரீதியில் முக்கியமானது. இந்த இடத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். 'தீவிரம்' வேறு, 'கடுமை' வேறு. ஒருவருக்கு மண்டை பிளக்கும் தலைவலி வந்து மாலைக்குள் தானாகப் போய்விட்டால் அது கடுமையானது, தீவிரமானதல்ல. இன்னொருவருக்கு லேசான தடிப்புதான். ஆனால் கவனிப்புக்காக இன்னும் ஒரு நாள் வார்டில் வைத்தார்கள் என்றால் அது தீவிர வகை. அனுபவம் உள்ள மருத்துவர்களே இதில் தடுமாறுவார்கள்.

மறந்துபோகும் வகைகள்: மருந்துப் பிழையால் வந்த பாதிப்பு, அளவு மீறியது, இரண்டு மருந்துகள் மோதியது, மருந்து வேலையே செய்யாதது, மூலிகை மற்றும் மரபு மருந்துகள், கடையில் சீட்டில்லாமல் வாங்கியவை, கர்ப்ப காலத்தில் எடுத்த மருந்து.

புதிய மருந்தென்றால் சிறியதும் தெரிவிக்க வேண்டும். பழைய மருந்தென்றால் தீவிரமானதும் எதிர்பாராததும் முதலில். "சின்ன விளைவை எதற்கு எழுதணும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 10,000 பேரில் ஒருவருக்கு வரும் விளைவை ஒரு முறையாவது பார்க்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் ஏறத்தாழ 30,000 பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்திருக்க வேண்டும். சந்தைக்கு வருமுன் நடக்கும் பரிசோதனைகளில் பெரும்பாலும் அத்தனை பேர் இருப்பதில்லை. மீதியைக் கண்டுபிடிப்பது வார்டுதான்.

## 3. கேஸ்களைத் தயார் செய்யுங்கள்: பாதி வேலை இதுதான்

ஆறிலிருந்து எட்டு கேஸ் வேண்டும். உங்கள் நிறுவனத்தின் பழைய பதிவுகளிலிருந்து எடுங்கள். பெயர், பதிவு எண், முகம் தெரியும் படம், அரிய தொழில் என அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக் கூடாது. பதிவுகளைப் பயன்படுத்த எழுத்துமூலம் அனுமதி வாங்கி வையுங்கள்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, கேஸைப் பாடப்புத்தகம்போல ஐந்து வரியில் சுருக்கிக் கொடுப்பது. "45 வயது ஆண், இந்த மருந்து எடுத்த மூன்றாம் நாள் தடிப்பு வந்தது" என்று நீங்களே எழுதிவிட்டால் கண்டுபிடிக்கும் வேலையை நீங்கள் செய்து முடித்துவிட்டீர்கள். அவர்கள் எழுத்துப் பயிற்சிதான் செய்வார்கள். உண்மையில் தகவல் அப்படிக் கிடைப்பதில்லை. மருந்து அட்டையில் ஒரு தேதி, செவிலியர் குறிப்பில் ஒரு தேதி, ஆய்வகத் தாளில் ஒரு தேதி. ஆகவே ஒவ்வொரு கேஸையும் மூன்று தாள்களாகப் பிரித்துக் கொடுங்கள். நேரவரிசையை அவர்களே கோக்கட்டும்.

இன்னொரு தவறு, பார்த்ததும் பதறவைக்கும் தோல் படங்களை மட்டும் காட்டுவது. தோல் உரிவதை யாரும் தவறவிடப் போவதில்லை. தவறிப்போவது இருமல், குழப்பம், தள்ளாடி விழுதல், பொட்டாசியம் குறைதல், ரத்தக்கசிவு. கீழே உள்ள கலவை நன்றாக வேலை செய்யும்:

எனலாப்ரில் இருமல். இந்த ரத்த அழுத்த மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் வறட்டு இருமல். அதற்கு இருமல் சிரப், பிறகு ஆன்டிபயாட்டிக். விளைவுக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டு மருந்தைத் தொடர்வது எப்படி நடக்கிறது என்பதைக் காட்டும்.

கார்பமசெபின் (வலிப்பு மருந்து), மூன்றாம் வாரம். காய்ச்சல், தடிப்பு, நெறிக்கட்டி, ஈசினோபில் (ஒருவகை வெள்ளையணு) ஏற்றம், கல்லீரல் நொதிகள் உயர்வு. டிரெஸ் எனப்படும் இந்தக் கூட்டு விளைவு பொதுவாக மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரத்துக்குள் வரும். கேஸில் காய்ச்சலுக்கு இரண்டு நாள் முன்பு கொடுத்த ஒரு ஆன்டிபயாட்டிக்கும் இருக்கட்டும். பாதிப் பேர் கடைசியாகக் கொடுத்த மருந்தைத்தான் குற்றம் சொல்வார்கள். அந்தத் தவறு வகுப்பிலேயே நடக்க வேண்டும்.

ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி), ஏழாம் நாள். தட்டணுக்கள் பாதியாகக் குறைந்திருக்கும். இது வழக்கமாக 5 முதல் 10 நாளில் தெரியும். நோயாளிக்கு வெளியில் ஒன்றும் தெரியாது. ஆய்வகத் தாளைத் தேதி வாரியாக வைத்துப் பார்த்தவருக்கே பிடிபடும்.

மெட்டோகுளோபிரமைடு, இளம்பெண். வாந்திக்கு ஊசி போட்ட சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது, கண் மேலே செருகுகிறது. வலிப்பு என்பார்கள், மனப்பிரச்சினை என்பார்கள். அதை முறிக்கும் ஊசி போட்டதும் சரியாகிவிடும். சரியானதும் யாரும் எழுதமாட்டார்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக். ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) ஏறி ஈறில் ரத்தம். "இது தெரிந்ததுதானே" என்று விட்டுவிடும் கேஸ். தெரிந்தது, தடுத்திருக்கக்கூடியது, அதனாலேயே தெரிவிக்க வேண்டியது.

தெளிவில்லாத கேஸ் ஒன்று. வைரஸ் காய்ச்சல் குழந்தைக்கு அமாக்சிசிலின். ஐந்தாம் நாள் தடிப்பு. வைரஸா, மருந்தா? யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இருந்தும் தெரிவிக்கலாம் என்பதே இதன் பாடம்.

ஏமாற்றுக் கேஸ் ஒன்று. முதல் டோஸுக்கு முந்தைய இரவே செவிலியர் குறிப்பில் தடிப்பு பதிவாகியிருக்கும். தேதி பார்க்காதவர்கள் மகிழ்ச்சியோடு படிவம் நிரப்புவார்கள்.

ஒரு கேஸைத் தயாரிக்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். குறைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

## 4. படிவத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொடுங்கள்

நோயாளி. முதல் எழுத்து, வயது, பாலினம், எடை. கைக்குழந்தை என்றால் வயதை மாதத்திலோ நாளிலோ எழுத வேண்டும். "0 வயது" என்று வரும் படிவங்கள் நிறைய.

என்ன நடந்தது. "ராஷ்" என்று ஒரு சொல் எழுதுவது இங்கே நடக்கும் பெரும்பிழை. இப்படி எழுதப் பழக்குங்கள்: "மார்பிலும் முதுகிலும் அரிப்புடன் சிவந்த தடிப்பு, கொப்புளம் இல்லை, வாயிலும் கண்ணிலும் புண் இல்லை, காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ்." இல்லாததை எழுதுவதும் தகவல்தான். கொப்புளம் இல்லை என்ற இரண்டு சொல், மறுமுனையில் படிப்பவர் பெரிய ஒரு நோயை ஒதுக்கிவைக்க உதவும்.

தேதிகள். விளைவு தொடங்கிய தேதி, மருந்து தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி. சரியான தேதி தெரியாவிட்டால் மாதம், ஆண்டாவது. உப்சாலா மையம் அறிக்கைகளின் முழுமையை அளக்க விஜிகிரேட் என்ற மதிப்பெண் முறையை வைத்திருக்கிறது. மருந்து தொடங்கியதற்கும் விளைவு வந்ததற்கும் இடைப்பட்ட காலம் தெரியாவிட்டால் அதில் மதிப்பெண் பாதியாகிவிடும். வேறு எந்தக் கட்டத்துக்கும் இவ்வளவு தண்டனை இல்லை. சில நிமிட விளைவுகளுக்கு (மயக்கம், மூச்சுத்திணறல்) மணியும் வேண்டும்.

சந்தேக மருந்து. பொதுப்பெயர், வணிகப்பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி, அளவு, எந்த வழியில், எத்தனை முறை, எதற்காக. 'எதற்காக' என்ற கட்டத்தில் விளைவையே எழுதிவிடுவார்கள், கவனியுங்கள். பேட்ச் எண்ணுக்குப் பெட்டி குப்பைக்குப் போவதற்கு முன் ஓட வேண்டும். தடுப்பூசி, இன்சுலின், உயிரியல் மருந்துகள் ஆகியவற்றில் பேட்ச் எண் இல்லாத அறிக்கை அரைகுறைதான். அவற்றைப் போடும்போதே எண்ணை மருந்து அட்டையில் குறிக்கும் வழக்கத்தைப் பயிற்சியோடு சேர்த்தே தொடங்கிவையுங்கள்.

உடன் எடுத்த மருந்துகள். முந்தைய மூன்று மாதத்தில் எடுத்தவை, கைவைத்தியம் உட்பட. விளைவைச் சரிசெய்யக் கொடுத்த ஊசிகளை இங்கே போடக் கூடாது. அவற்றுக்குச் சிகிச்சைக் கட்டம் தனி. இங்கே போட்டால், விளைவுக்குப் பிறகு வந்த மருந்தும் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடும்.

நிறுத்தியபின், மீண்டும் கொடுத்தபின். மருந்தை நிறுத்தியதும் குறைந்ததா? கூடவே ஸ்டீராய்டும் கொடுத்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். எது குறைத்தது என்று அப்போதுதான் யோசிக்க முடியும். ஒரே டோஸ் மருந்துக்கு "பொருந்தாது". மீண்டும் கொடுத்துப் பார்ப்பதைப் பற்றி வகுப்பில் குரலை உயர்த்தியே சொல்லுங்கள்: படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பதற்காக யாருக்கும் மருந்தை மறுபடி கொடுக்கக் கூடாது. தற்செயலாகவோ சிகிச்சைத் தேவைக்காகவோ நடந்திருந்தால் பதிவு செய்யத்தான் அந்தக் கட்டம்.

முடிவு. குணமானது, குணமாகி வருகிறது, குணமாகவில்லை, பின்விளைவோடு குணமானது, மரணம், தெரியவில்லை. 'மரணம்' என்பது முடிவு. அதை 'என்ன நடந்தது' கட்டத்தில் தனியாக எழுதினால் எதனால் இறந்தார் என்பது தெரியாது. முதல் நாளே அனுப்பிய அறிக்கையில் "குணமாகி வருகிறது" என்று இருப்பது சரிதான். டிஸ்சார்ஜ் அன்று தொடர் தகவல் அனுப்பாமல் விடுவதுதான் குறை.

ஆய்வக முடிவுகள். அலகு, இயல்பு வரம்பு, தேதி மூன்றும். மருந்துக்கு முந்தைய அளவும் இருந்தால் அதன் மதிப்பே வேறு.

தெரிவிப்பவர். பெயரும் தொடர்பும் இல்லாமல் பெட்டியில் போட்ட தாள் அங்கேயே செத்துப்போகிறது. யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

## 5. தொண்ணூறு நிமிடம், இருபத்து நான்கு பேர்

இதற்கு மேல் ஆளும் நேரமும் கூட்டாதீர்கள். எட்டுப் பேருக்கு ஒரு வழிநடத்துநர். நேரப் பங்கீடு:

- 10 நிமிடம்: ஒரு கேஸைத் தாள்களோடு மேசையில் வைத்து, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். வரையறை வேண்டாம்.
- 10 நிமிடம்: சட்டைப்பைத் தாள்.
- 35 நிமிடம்: இருவர் இருவராக இரண்டு கேஸுக்குப் படிவம் நிரப்புதல். முதலாவதற்கு இருபது நிமிடம் ஆகும், இரண்டாவது தானாக வேகம் பிடிக்கும்.
- 15 நிமிடம்: படிவங்களை மாற்றிக்கொள்ளுதல். கேஸ் தாள்களைப் பார்க்காமல், படிவத்தை மட்டும் படித்து நடந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் படிவம் குறை. திருத்தம் நீங்கள் சொல்வதைவிட இது ஆழமாகப் பதியும்.
- 10 நிமிடம்: காரணத் தொடர்பு, தொட்டுக்காட்ட மட்டும்.
- 10 நிமிடம்: எங்கே, எப்படி அனுப்புவது, தயக்கங்கள்.

இரவுப் பணி முடித்தவர்களைக் காலையில் உட்காரவைக்காதீர்கள். தூக்கத்தில் எழுதிய படிவத்தை வைத்து எதையும் எடைபோட முடியாது.

## 6. நரஞ்ஜோ கணக்கைக் கடைசியில் வையுங்கள்

ஆசிரியர்களுக்குப் பிடித்த பகுதி இது. அதனால்தான் இடத்தை அடைத்துக்கொள்கிறது. விளைவுக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பெண் போட 1981-இல் வந்த நரஞ்ஜோ அளவுகோலில் 10 கேள்விகள். 9-ம் அதற்கு மேலும் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும், 1 முதல் 4 வரை இருக்கலாம், 0-வும் அதற்குக் கீழும் சந்தேகத்துக்குரியது. உலக சுகாதார நிறுவனமும் உப்சாலா மையமும் பயன்படுத்தும் முறையில் எண் இல்லை, ஆறு வகைகள் உண்டு.

இதை முதலில் சொன்னால், மதிப்பெண் போட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள். படிவம் நிரப்பக் கற்ற பிறகு, மாணவர்களுக்கு மட்டும் தனியாக அரை மணி நேரம் எடுங்கள். எனலாப்ரில் கேஸையே போட்டுக் காட்டலாம். முன்பே தெரிந்த விளைவு: +1. மருந்துக்குப் பிறகு வந்தது: +2. நிறுத்தியதும் குறைந்தது: +1. வேறு காரணம் இல்லை: +2. மொத்தம் 6, பெரும்பாலும் மருந்துதான். இதே நோயாளிக்கு ஆஸ்துமா இருந்தது தெரியவந்தால் கடைசிக் கேள்வி +2-லிருந்து −1 ஆகிறது, மொத்தம் 3. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டோமா இல்லையா என்பது மூன்று மதிப்பெண்ணையும் ஒரு வகையையும் மாற்றிவிடுகிறது. அளவுகோலின் பயன் மாணவருக்கு இதுவே: எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்ற பட்டியல்.

இரண்டு மருந்துகளின் மோதலுக்கு நரஞ்ஜோ பொருந்தாது. வார்ஃபரின் கேஸில் போட முயல்பவரை அன்போடு நிறுத்துங்கள்.

## 7. தயக்கங்களைப் பெயர் சொல்லிப் பேசுங்கள்

2006-இல் வெளியான ஒரு திறனாய்வு 12 நாடுகளின் 37 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. தெரிவிக்கப்படாமல் போனதன் இடைநிலை அளவு 94 சதவீதம். ஏன் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்பு நிபுணர் வில்லியம் இன்மன் முன்பே ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: சந்தைக்கு வந்த மருந்தெல்லாம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை, வழக்கு வருமோ என்ற பயம், நான்தானே கொடுத்தேன் என்ற குற்ற உணர்வு, தானே கட்டுரையாக வெளியிடலாம் என்ற ஆசை, அறியாமை, வெறும் சந்தேகத்தை எழுதக் கூச்சம், அலட்சியம்.

இதில் பயம்தான் வகுப்பில் வாய்விட்டுப் பேசப்படாதது. "ஒன்றும் ஆகாது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டமும் படிவத்தின் பின்பக்கமும் இரகசியம் பற்றி என்ன சொல்கின்றனவோ அதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். இல்லாத பாதுகாப்பை வாக்குக் கொடுத்தால் ஒரு சம்பவத்தில் எல்லாம் கெட்டுவிடும். அதைவிட வலுவானது, நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம்: மருந்து எதிர்விளைவு அறிக்கையை ஆதாரமாக வைத்து யார் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இருக்காது என்று. இந்தக் கடிதம் இல்லாமல் செவிலியர்களிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கூச்சத்துக்கு மருந்து, முன்பு சொன்ன அமாக்சிசிலின் கேஸ்.

## 8. யார் எதைச் செய்வது

செவிலியர் முதலில் பார்ப்பவர்; நேரமும் அறிகுறியும் அவரிடம் உண்டு. மருந்தாளரிடம் பேட்ச் எண்ணும் மோதல் விவரமும். மருத்துவரிடம் நோயறிதல். மாணவரிடம் மற்ற மூவருக்கும் இல்லாத ஒன்று இருக்கிறது: தாள்களைப் புரட்ட நேரம். மருத்துவம், செவிலியம், மருந்தியல் மாணவர்களைக் கலந்து இருவராகப் பிரித்தால் படிவம் நன்றாக நிரம்பும்.

மாணவர் அறிக்கைக்கு மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். வேண்டுமென்றால் அந்தக் கையெழுத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகக் கூடாது என்று பேசி முடியுங்கள். ஒரே நோயாளிக்குச் செவிலியரும் மருத்துவரும் தனித்தனியே அனுப்பினால் இரண்டு கேஸாகப் பதிவாகும் ஆபத்து உண்டு. வார்டுப் பதிவேட்டில் வரிசை எண் கொடுத்து அதைப் படிவத்தில் குறிப்பது எளிய தீர்வு.

## 9. பதினான்கு நாளுக்குள் முதல் உண்மையான அறிக்கை

வகுப்பு முடிந்ததும் சான்றிதழ் கொடுக்காதீர்கள். முதல் அறிக்கைக்கான ஒப்புதல் எண்ணைக் காட்டியபின் கொடுங்கள். ஆனால் "மாதம் ஐந்து" என்று இலக்கு வைக்க வேண்டாம். இலக்கு வைத்த இடங்களில் குமட்டலும் தலைசுற்றலும் கட்டுக்கட்டாக வரும், தேதி இருக்காது.

"எனக்குக் கேஸே கிடைக்கவில்லை" என்பவர்களுக்குத் தூண்டில் பட்டியல் ஒன்று கொடுங்கள். மருந்து அட்டையில் இவை திடீரென்று தென்பட்டால் கேஸ் ஷீட்டைத் திறக்க வேண்டும்: ஒவ்வாமை முறிக்கும் ஊசி ஒரே டோஸ், நாலக்சோன், ஃபுளுமசெனில் (இரண்டும் மற்ற மருந்துகளின் விளைவை முறிப்பவை), வைட்டமின் கே, செறிவான குளுக்கோஸ் ஊசி, காரணம் எழுதாமல் நிறுத்தப்பட்ட மருந்து. ஆய்வகத்தில்: ஐ.என்.ஆர் 6-ஐத் தாண்டியது, தட்டணுக்கள் சரிந்தது, கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் அளவு) இரட்டிப்பானது. ஒரு வார்டில் அரை மணி நேரம் இப்படித் தேடினால் வெறுங்கையோடு திரும்புவது அரிது.

படிவங்கள் செவிலியர் மேசையிலும் மருந்தகச் சன்னலிலும் இருக்க வேண்டும். அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தால் யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள்.

## 10. செலவும் நேரமும்

தேசிய மையத்துக்கு அறிக்கை அனுப்ப வழக்கமாகக் கட்டணம் கிடையாது. பணம் போவது நகலுக்கும் தபாலுக்கும்தான். பெரிய செலவு ஆட்களின் நேரம்: முதல்முறை நீங்கள் தயாராக 25 முதல் 35 மணி, அடுத்த முறைகளுக்கு மூன்று நான்கு மணி, 24 பேரையும் வார்டிலிருந்து விடுவிக்கும் 36 மணி. இந்தக் கடைசி எண்ணை மேலதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்று காலையில் பாதிப் பேர் வராமல் போவது இதைச் சொல்லாததால்தான்.

மருந்து நிறுவனத்திடம் உணவுக்கோ பைக்கோ ஆதரவு கேட்க வேண்டாம். அதே நிறுவனத்தின் மருந்தைப் பற்றித்தான் நாளை எழுத வேண்டியிருக்கும்.

நினைவூட்டலுக்கும் இப்போதே நேரம் ஒதுக்குங்கள். போர்ச்சுகலில் மருத்துவர்களிடையே நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், நேரடிப் பயிற்சிக்குப் பின் அறிக்கைகள் ஏறத்தாழ பத்து மடங்கு கூடின. உச்சம் முதல் நான்கு மாதம், பிறகு மெல்ல இறங்கியது. எனவே நான்காம் மாதம் 20 நிமிடம், ஒரு புதிய கேஸ், ஒரு படிவம். ஆண்டுக்கு ஒருமுறை முழு வகுப்பு.

## 11. எதை அளப்பது

முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண் எப்போதும் ஏறும். அதை நம்பி அறிக்கை எழுதாதீர்கள். பயிற்சிக்கு முந்தைய ஆறு மாத எண்ணிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு இவற்றைப் பாருங்கள்: மாதத்துக்கு எத்தனை, அதில் தீவிரம் எத்தனை, தேதிகள் முழுதாக உள்ளவை எத்தனை, யார் அனுப்பினார்கள், விளைவு தொடங்கியதிலிருந்து அனுப்பும்வரை எத்தனை நாள். எண்ணிக்கை கூடித் தரம் குறைந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். ஒரே வார்டிலிருந்து மட்டும் வந்தால் மற்ற வார்டுகளின் தலைமைச் செவிலியரைப் போய்ப் பாருங்கள்; வகுப்பைத் திரும்ப எடுப்பதால் அது சரியாகாது.

அனுப்பியவருக்கு மூன்று வேலை நாளுக்குள் ஒரு வரி பதில் போக வேண்டும்: கிடைத்தது, எண் இது, இந்தத் தகவல் குறைகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வார்டுக்கும் ஒரு பக்கம்: என்னென்ன வந்தன, அதனால் இங்கே எது மாறியது. ஒன்றும் மாறவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

வந்த அறிக்கைகளில் நல்லதாக இரண்டை அடையாளம் நீக்கி அடுத்த வகுப்பின் கேஸ்களோடு சேர்த்துவிட்டு, பழையதில் இரண்டை எடுத்துவிடுங்கள். மாணவர்கள் சீனியர்களிடம் விடை கேட்டுக்கொண்டு வருவார்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் தேசிய மையத்தின் தளத்தில் படிவத்தின் பதிப்பு எண்ணை இன்னொரு தடவை பாருங்கள்.